டோல்விக்கில் நின்றுபோன ஆட்டம்

என் புருஷன் ஹோசியா டில்மன் பேஸ்பால் ஆட்டத்தில் ஒரு கேட்சர். மட்டை பிடிப்பவனுக்குப் பின்னால் முகமூடி மாட்டிக்கொண்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சீறி வருகிற பந்தையெல்லாம் வாங்கிக்கொள்ளும் வேலை. அவனுடைய வலது கையில் ஒழுங்காக இருந்தது கட்டைவிரல் ஒன்றுதான். மற்றதெல்லாம் உடைந்து, தானாகக் கூடி, ஆளுக்கொரு திசை பார்த்துக்கொண்டிருக்கும். கல்யாணத்தன்று என் விரலில் மோதிரம் போட அந்தக் கை பட்ட பாட்டைப் பார்த்து என் அக்கா சர்ச்சிலேயே சிரித்துவிட்டாள்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவின் பெரிய லீக்குகளில் எங்கள் ஆட்களுக்கு இடம் கிடையாது. கறுப்பு ஆட்டக்காரர்கள் ஒன்றுசேர்ந்து, ஒரு பழைய பஸ்ஸில் ஏறி, ஊர் ஊராகப் போய் அந்தந்த ஊர் அணியோடு ஆடுவார்கள். ஹோசியாவும் அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தான். 1934 வசந்தத்தில் செயின்ட் பால் நகரத்தில் பஸ் படுத்துவிட்டது. உதிரிபாகம் வாங்கி வருகிறேன் என்று போன அணி முதலாளி போனவர் போனவர்தான். நான் முழுகாமல் இருந்தேன். அந்த ஊரிலேயே இருந்த அக்கா வீட்டுச் சமையலறையில் பாயைப் போட்டுக்கொண்டு இனி என்ன செய்வது என்று நாங்கள் முழித்துக்கொண்டிருந்தபோது, வடக்கு டகோட்டாவிலிருந்து ஒரு கார் வியாபாரி ஹோசியாவைத் தேடி வந்தார்.

நில்ஸ் ஸ்டென்ஸ்ரூட் என்று பேர். காதுவரை சிவந்த முகம். தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே பேசினார்.

"எங்க ஊரு டோல்விக். பக்கத்து ஊரு காரிக். ஆறு வருஷமா அவங்ககிட்ட தோத்துக்கிட்டே இருக்கோம். வெளியில தலைகாட்ட முடியலை. எங்ககிட்ட பந்து வீசறதுக்கு ஒரு ஆளு இருக்காரு, இடி மாதிரி போடுவாரு. அதைப் பிடிக்கத்தான் ஊர்ல ஆள் இல்லை. போன வருஷம் பிடிச்சவனுக்கு முன்பல்லு ரெண்டும் போச்சு."

"என் பல்லு கெட்டி," என்றான் ஹோசியா. "ஆனா வந்தா பொண்டாட்டியோடதான் வருவேன்."

ஸ்டென்ஸ்ரூட் என் வயிற்றைப் பார்த்தார். "தாராளமா வரட்டும். ஊர்ல நல்ல ஹோட்டல் இருக்கு," என்றார்.

ஹோட்டல் நன்றாகத்தான் இருந்தது. முன்கூடத்துப் பலகையில் சாவிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு முன்னால் நின்றுகொண்டு, "ஒரு ரூம்கூட காலி இல்லையே," என்றார் ஹோட்டல்காரர். ஸ்டென்ஸ்ரூட்டுக்கு முகத்தில் சிவக்க இன்னும் இடம் இருந்தது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். எங்கள் பெட்டிகள் படியில் கிடந்தன. புது கேட்சரைப் பார்க்க வந்த கூட்டம் எதிர்ச் சாரியில் நின்று வேடிக்கை பார்த்தது. நான் எதையும் பார்க்காமல் பெட்டியின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஒரு பருத்த அம்மாள் வந்தாள். தலையில் துணி கட்டி, வாயில் சூரியகாந்தி விதை மென்றுகொண்டிருந்தாள். தொலியைத் தெருவில் துப்பிவிட்டு, கேட்காமல் கொள்ளாமல் ஹோசியாவின் வலது கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தாள்.

"இது கேட்சர் கைதான். ஏமாத்து வேலை இல்லை. முட்டி போட்டபடியே ரெண்டாவது பேஸுக்கு எறிவியா?"

"எறிவேங்க."

"எழுந்திருக்காம?"

"எழுந்திருக்காம."

பிறகு என் பக்கம் திரும்பினாள். கண்ணாலேயே வயிற்றை எடை போட்டாள். "அஞ்சு மாசமா?"

"ஆமாங்க."

"நில்ஸ், ஏன்டா மரம் மாதிரி நிக்கிறே? பெட்டியைத் தூக்கு. என் வீட்டு மாடி சும்மாத்தானே கிடக்கு."

இப்படித்தான் நாங்கள் கத்தரீனா வெய்ஸின் வீட்டுக்குப் போனோம்.

அவள் அந்த ஊர் மருத்துவச்சி. ஊரில் இருந்த ஒரே டாக்டர் வங்கி திவாலான வருஷம் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் இருந்தபோதே பாதி ஊருக்குக் கத்தரீனாதான், அதற்கப்புறம் பிரசவம் என்றாலே அவள்தான். டோல்விக் அணியில் பாதிப் பேரை அவள்தான் பூமிக்கு இறக்கியிருந்தாள். அந்த உரிமையில் மைதானத்தில் உட்கார்ந்து அவர்களைத் திட்டுவாள். "மூணாவது பேஸ்ல நிக்கிறானே, அவன் பொறக்கும்போதே கால்தான் முதல்ல வந்துச்சு. இப்பவும் பாரு, கையை வெச்சுக்கிட்டுக் காலால பந்தைத் தடுக்கறான்!"

கருங்கடல் பக்கத்து ஜெர்மன்காரி. இருபது வயதில் புருஷன் யாக்கோபோடு இங்கே வந்து இறங்கியபோது ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாதாம். யாக்கோபுக்கு எந்த மொழியிலுமே பேச்சு வராது. அதனால் அவள் மைதானத்துக்குப் போய் உட்கார்ந்திருக்கிறாள். அங்கேதான் ஜனங்கள் சத்தமாகப் பேசுவார்கள், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வார்கள். அப்படிக் கற்றுக்கொண்ட பாஷை. பால் பொங்கி வழிந்தால் "அவுட்!" என்பாள். ரொட்டி கருகாமல் வந்தால், ஓடுகிறவன் பந்துக்கு முன்னால் பேஸைத் தொட்டுவிட்டால் அம்பயர் செய்கிற மாதிரி இரண்டு கையையும் விரித்து "சேஃப்!" யாக்கோபு சாப்பாட்டுக்கு நேரம் கழித்து வந்தால், "அடுத்த ஆட்டத்துக்கு வந்துட்டியா?"

அந்தக் கோடை மழையே இல்லை. மண் பறந்து வந்து ஜன்னல் விளிம்பில் குவியும். மிச்சமிருந்த பச்சையை வெட்டுக்கிளி தின்றது. வயலில் செய்ய வேலை இல்லாத சனம் ஞாயிற்றுக்கிழமையானால் வண்டி கட்டிக்கொண்டு ஆட்டத்துக்கு வந்துவிடும். பந்து வீசுகிற லைல் ஓஸ்ட்பி தொழிலுக்கு ஊர் வெட்டியான் மாதிரி. சவப்பெட்டி செய்து, அடக்கம் செய்து வைப்பார். ஒல்லியாக, உயரமாக, சிரிக்கவே தெரியாத முகத்தோடு அவர் பந்து வீசுகிற மேட்டில் ஏறி நின்றால் எதிரணிக்குப் பாதி உயிர் போய்விடும். "அளவெடுத்தாச்சா லைல்?" என்று கூட்டம் கத்தும். அவர் மட்டையோடு நிற்பவனைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்ப்பார். அப்புறம்தான் வீசுவார்.

ஹோசியா வந்ததிலிருந்து டோல்விக் ஜெயிக்க ஆரம்பித்தது. ஓஸ்ட்பி எவ்வளவு வேகமாகப் போட்டாலும் அவன் கையில் பந்து தூங்கப்போகிற மாதிரி அடங்கும். கூட்டம் எழுந்து நின்று கைதட்டும். ஆனால் ஆட்டம் முடிந்து காப்பிக் கடைக்குப் போனால் எங்களுக்குப் பின்வாசல்தான். "அவங்க கைதட்டறது என் கைக்கு. கைக்குப் பின்னாடி ஒரு ஆள் இருக்கறது இன்னும் அவங்க கண்ணுல படலை," என்று ஹோசியா சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வராது.

எல்லாரும் அப்படி என்று சொன்னால் அது பொய். ஒரு நாள் காலையில் வாசலைத் திறந்தால் ஒரு முலாம்பழம் இருந்தது. தண்ணீருக்கே தவிக்கிற அந்த வருஷத்தில் ஒரு முழுப் பழம். யார் வைத்தது என்று கடைசிவரை தெரியவில்லை. அந்தப் பழத்தை வைத்த கைக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

செப்டம்பர் முதல் திங்கள், தொழிலாளர் தினம். காரிக் அணி டோல்விக்குக்கு வந்தது. அந்த வருஷத்தின் கடைசி ஆட்டம், ஆறு வருஷக் கடன் தீர்க்கும் ஆட்டம். காரிக்கின் முதல் பேஸில் நிற்பவர் டாக்டர் வின்ஸ்லோ. அந்த ஊர் டாக்டர், வயது முப்பதுக்கு மேல் இருக்காது. அவர் கையில் பந்து போனால் வங்கியில் போட்ட மாதிரி என்று காரிக் ஊர்க்காரர்கள் பீற்றிக்கொள்வார்கள். "வங்கியிலயா? அப்ப அது திரும்பி வராது," என்று எங்கள் ஊர்க்காரர்கள் பதில் கொடுப்பார்கள்.

காலையில் எனக்கு இடுப்பு கடுத்தது. ஹோசியாவிடம் சொல்லவில்லை. கத்தரீனா வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள்.

"இன்னிக்கு இல்லை. நாளைக்கு. முதல் பிள்ளை, மெதுவாத்தான் வரும்."

"நிச்சயமாவா?"

"நான் எத்தனை பிள்ளை பார்த்திருக்கேன்? நீ காலை நீட்டிப் படு. யாக்கோபு இருக்கான். நான் ஆட்டத்தைப் பார்த்துட்டு ஓடி வந்துடறேன்."

யாக்கோபு ஆட்டத்துக்குப் போகிறவர் இல்லை. "பந்து எங்க போனா எனக்கென்ன" என்பது அவர் வாயிலிருந்து நான் கேட்ட மிக நீளமான பேச்சு. எல்லாரும் போன பிறகு ஊரே காலியாகிவிட்டது. அவர் கொல்லையில் இருந்த ஒரே ஒரு வரிசை முட்டைக்கோசுக்குக் குவளையால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். மத்தியானம் தாண்டி எனக்குப் பனிக்குடம் உடைந்தது. ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டேன். அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். குவளையை அப்படியே போட்டுவிட்டு லாரியைக் கிளப்பினார்.

மைதானத்தில் நடந்ததையெல்லாம் பிறகு பலர் சொல்லித்தான் கேட்டேன். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி சொல்வார்கள். ஹோசியா சொன்னதையும் ஓஸ்ட்பி சொன்னதையும்தான் நான் நம்புகிறேன்.

மொத்தம் ஒன்பதில் எட்டாவது இன்னிங்ஸ் நடந்துகொண்டிருக்கிறது. இரண்டு பக்கமும் மூன்று மூன்று ரன். யாக்கோபு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மைதானத்துக்கு நடுவே நேராக நடந்திருக்கிறார். கூட்டம் கத்துகிறது, அம்பயர் கத்துகிறார். அவர் எதையும் காதில் வாங்காமல் கத்தரீனா உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கீழே போய் நின்று, ஜெர்மனில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாராம்.

கத்தரீனா எழுந்துவிட்டாள்.

அதைப் பார்த்து அக்கம்பக்கம் பேச்சே நின்றுபோயிற்றாம். கடைசி ஆள் அவுட் ஆகும்வரை எழுந்திருக்காதவள் அவள். கூடப்பிறந்த தங்கச்சி கல்யாணத்துக்கே ஏழாவது இன்னிங்ஸ் முடிந்து தாமதமாகப் போனவள். இறங்கும்போது திரும்பி விரலை ஆட்டிச் சொன்னாளாம்: "ஹோசியா காதுல யாராவது போட்டீங்க, தொலைச்சிடுவேன். ஆட்டம் முடியட்டும்." நானூறு பேர் ஒரு ரகசியத்தை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஹோசியாவுக்கு மட்டும், ஏன் எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று குழப்பம்.

வந்ததும் கத்தரீனா கையைக் கழுவிக்கொண்டு என் காலடியில் உட்கார்ந்தாள். "எங்கே, கொஞ்சம் மூச்சு விடு. அவசரப்படாதே. உன் பந்து வர்ற வரைக்கும் மட்டையைச் சுத்தாதே." வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. "இப்ப! இப்ப ஓடு! திரும்பிப் பார்க்காதே, ஓடு!" நான் முக்கினேன். "சபாஷ். இன்னொண்ணு."

கொஞ்ச நேரத்தில் அவள் விளையாட்டுப் பேச்சை நிறுத்திவிட்டாள்.

எனக்கு அதுதான் பயமாக இருந்தது. வலியைவிட அதுதான். யாக்கோபைக் கூப்பிட்டு ஜெர்மனில் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். மொழி புரியவில்லை என்றாலும் குரல் புரிந்தது. எனக்குக் கீழே துணி நனைந்துகொண்டிருந்தது.

"என்னாச்சு?" என்றேன்.

அவள் பொய் சொல்லவில்லை. "கால் முதல்ல வருது பொண்ணே. கை ஒண்ணு மேல மாட்டிக்கிட்டிருக்கு. ரத்தமும் கொஞ்சம் அதிகமாப் போகுது. எனக்குத் தெரிஞ்சதுக்கு மேல வேணும். டாக்டரைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கேன்."

"எந்த டாக்டர்?"

"காரிக் ஊர்க்காரன். அங்கதான் ஆடிக்கிட்டிருக்கான்."

யாக்கோபு திரும்பப் போனபோது ஒன்பதாவது இன்னிங்ஸ். காரிக் மட்டை பிடிக்கிறது. மட்டையோடு நிற்பவரே டாக்டர் வின்ஸ்லோ. அவருக்குப் பின்னால் குத்துக்காலிட்டு ஹோசியா. மேட்டில் ஓஸ்ட்பி கையைத் தூக்கிவிட்டார். யாக்கோபு அந்தப் பந்துக்கும் மட்டைக்கும் நடுவே போய் நின்றார். பந்து பட்டிருந்தால் மண்டை போயிருக்கும். வாழ்நாளிலேயே அவர் பேசிய பெரிய ஆங்கிலப் பேச்சு அதுதான்:

"டாக்டர். என் வீடு. இப்ப. குழந்தை கால் முன்னாடி. ரத்தம்."

ஹோசியா முகமூடியைக் கழற்றினான். அவன் முகத்தைப் பார்த்ததும் டாக்டர் மட்டையைக் கீழே போட்டார்.

"நில்லுங்க!" என்று காரிக் மேனேஜர் ப்ரூடர் ஓடி வந்தார். கோதுமைக் கிடங்கு முதலாளி, ரொம்பக் கோபக்காரர். "டாக்டர், மாத்து ஆள் ஒருத்தன்கூட இல்லை! உங்களோட சேர்த்துத்தான் ஒன்பது பேர். நீங்க போனா விதிப்படி ஆட்டம் அவங்களுக்குப் போயிடும்!"

"போகட்டும்," என்று சொல்லிக்கொண்டே டாக்டர் ஓடிவிட்டார். அவர் பின்னால் ஹோசியா, கால் கவசம் சடசடக்க ஓடினான்.

அம்பயர் விதிப்புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார். அப்போது ஸ்டென்ஸ்ரூட் அறிவிப்புக் குழலைப் பிடுங்கிக்கொண்டு மைதானத்து நடுவில் போய் நின்றார். இந்த ஒரு வெற்றிக்காக ஆறு வருஷம் காத்திருந்தவர், செயின்ட் பால் வரைக்கும் கார் ஓட்டி வந்தவர்.

"டோல்விக் ஜெயிச்சுதுன்னு யாராவது பலகையில எழுதினீங்க, பலகையைப் பிடுங்கி அடுப்புல வெச்சிருவேன். இப்படி ஜெயிக்கறதுக்கு நான் ஆள் தேடிப் போகலை. ஆட்டம் இதோட நிக்குது. மூணுக்கு மூணு. எல்லாரும் எழுந்திருங்க."

எங்கேயோ பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டதாம். "ஒரு கறுப்பச்சி பிள்ளை பெறறதுக்கா ஆட்டத்தை நிறுத்தறீங்க?"

ஓஸ்ட்பி மேட்டைவிட்டு இறங்கவில்லை. குரல் வந்த திசையைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தார். "யாருப்பா அது? எழுந்து நில்லு, முகத்தைப் பார்த்து வெச்சுக்கறேன். எப்படியும் ஒரு நாள் என்கிட்டதானே வரப்போறே?"

யாரும் எழுந்திருக்கவில்லை.

மாடிப்படியில் ஆட்டச் செருப்பின் ஆணிகள் தடதடக்க ஏறி வந்த டாக்டர் உடம்பெல்லாம் புழுதி. சட்டையில் காரிக் என்று பெரிய எழுத்து. முழங்கைவரை சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டே பேசினார்.

"மிஸஸ் டில்மன், நான் வின்ஸ்லோ. உங்க புருஷன் இன்னிக்கு என்னை ரெண்டு தடவை அவுட் ஆக்கினாரு. அந்தக் கோபத்தை உங்ககிட்ட காட்டமாட்டேன், பயப்படாதீங்க."

அந்த மாகாணத்தில் ஒரு வெள்ளைக்கார ஆண் என்னை மிஸஸ் என்று கூப்பிட்டது அதுவே முதல் தடவை. உயிர் போகிற வலியிலும் அது காதில் விழுந்தது, பாருங்கள்.

பெரிய மருந்துப்பெட்டி காரிக்கில் இருந்தது. அதை எடுத்து வரப் போனவர் யார் தெரியுமா? ப்ரூடர். மைதானத்தில் கத்திய அதே வாய், "சாவியைக் கொடுங்க, எந்த அலமாரின்னு சொல்லுங்க" என்று மட்டும் கேட்டுக்கொண்டு காரில் ஏறிப் பறந்ததாம். அந்த மண்சாலையில் அப்படி யாரும் ஓட்டியதில்லை என்பார்கள். திரும்பி வந்தபோது கார் ரேடியேட்டரிலிருந்து நீராவி சீறிக்கொண்டிருந்தது.

அடுத்து நடந்தது எனக்கு விட்டுவிட்டுத்தான் நினைவிருக்கிறது. கத்தரீனா என் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். அவள் மேலிருந்து சூரியகாந்தி விதை வாசம் வந்தது. டாக்டரின் குரல் ஏற்றத்தாழ்வு இல்லாமல் போய்க்கொண்டே இருந்தது. கதவுக்கு வெளியே ஹோசியா ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தான். வார்த்தை மறந்துபோய் ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு எதுவோ என்னைவிட்டு வழுக்கிக்கொண்டு போனது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

குழந்தை அழவில்லை.

டாக்டர் என் பக்கம் ரத்தத்தை நிறுத்தப் போராடிக்கொண்டிருந்தார். குழந்தையைக் கத்தரீனா வாங்கிக்கொண்டாள். வாயைத் துடைத்தாள், தேய்த்தாள், தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள். ஜெர்மனில் கெஞ்சினாள், திட்டினாள். பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு சின்னக் குரல். அடுத்து வீடே அதிர்கிற குரல்.

கத்தரீனா பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள்: "சேஃப்!"

தெருவிலிருந்து பதில் வந்தது. ஒருவர் இருவர் குரல் இல்லை. உள்ளே ஓடி வந்த ஹோசியா ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தான். வேலி நெடுக ஜனம். இரண்டு ஊர்க்காரர்களும் கலந்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, அந்தப் புழுதியில் அத்தனை நேரமும் சத்தம் காட்டாமல் நின்றிருக்கிறார்கள். எங்களுக்குப் பின்வாசல் காட்டிய காப்பிக் கடைக்காரம்மாள் கையில் ஒரு தூக்குச்சட்டி சூப்போடு நின்றாள்.

நான் பிழைத்துவிட்டேன் என்று தெரிந்த பிறகுதான் டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். கத்தரீனா பிள்ளையை என் கையில் வைத்துவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஹோசியாவைப் பார்த்தாள்.

"சரி, சொல்லு. யாரு ஜெயிச்சா?"

"யாரும் இல்லை. நிறுத்திட்டாங்க."

"என்னது? ஒன்பதாவது இன்னிங்ஸ்ல நிறுத்தினாங்களா? எந்த மடையன் சொன்னான்?"

"நில்ஸ்."

"நில்ஸா?" என்றாள். படிக்கட்டில் போய் உட்கார்ந்து, துணியை முகத்தில் போட்டுக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். யாக்கோபு பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார்.

பிள்ளைக்குக் கத்தரீன் என்று பேர் வைத்தோம்.

ஒரே நாளில் ஊர் மாறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். சூப்பு கொண்டு வந்த அம்மாள் கடையில் முன்வாசல் வழியாக எங்களை உள்ளே விட இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று. அடுத்த கோடையில் எங்கள் ஆட்களின் குழு ஒன்று ஆட வந்தபோது அதே ஹோட்டலில் அதே சாவிகள் தொங்கிக்கொண்டிருந்தன. அவர்கள் ஸ்டென்ஸ்ரூட்டின் கார் கடையிலும் கத்தரீனா வீட்டு வைக்கோல் கொட்டகையிலும் படுத்தார்கள். அவள் அத்தனை பேருக்கும் மாவுருண்டை சூப் வைத்துப் போட்டு, ஒவ்வொருவரும் ஆடியதில் என்ன தப்பு என்று விளக்கமும் சொன்னாள். ஒரு ஊருக்கு மொத்தமாக நன்றி சொல்ல எனக்கு வராது. பேர் சொல்லித்தான் சொல்ல வரும். அந்தப் பேர்கள் எனக்குப் போதுமான அளவு இருக்கின்றன.

மூன்று கோடை அங்கே இருந்தோம். பிறகு ஹோசியாவின் முழங்கால் போய்விட்டது. ஓமாஹாவில் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை கிடைத்துக் குடிபோனோம். வருஷா வருஷம் செப்டம்பரில் டோல்விக்கிலிருந்து ஒரு பார்சல் வரும். உள்ளே கத்தரீனா சுட்ட பழக் கேக், வழியெல்லாம் நசுங்கித் தூளாகி. ஸ்பூனால் அள்ளிச் சாப்பிடுவோம்.

நின்றுபோன அந்த ஆட்டத்தை முடித்துவிடலாம் என்று இரண்டு ஊரும் எத்தனையோ தடவை பேசின. ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் வேண்டாம் என்றுவிடுவார். நாளாக ஆக அதுவே ஊரின் பெருமையாகிவிட்டது. பத்திரிகைக்காரர்கள் தேடி வந்தார்கள். ஊர் எல்லையில் ஒரு பலகை வைத்தார்கள். டோல்விக்கில் பிறந்து மாகாண கவர்னரானவரின் பேர் முதலில். அதன் கீழே, இங்கே ஒரு ஆட்டம் மூன்றுக்கு மூன்று என்று நின்றது என்று. பின்னால், கோதுமையைத் தாக்கும் துரு நோயைப் பற்றி ஆராய்ச்சி செய்து என் மகள் பேர் வாங்கியபோது, அவள் பேரையும் சேர்த்தார்கள். கோதுமை விளைகிற ஊர் அல்லவா, கவர்னரைவிட இவளைப் பற்றித்தான் அதிகம் பீற்றிக்கொள்கிறார்கள். அன்றைக்கு மைதானத்தில் இருந்ததாகச் சொல்கிறவர்களையெல்லாம் சேர்த்தால் மைதானம் தாங்காது. சொல்லிக்கொள்ளட்டும். நல்ல காரியத்தில் பங்கு கேட்பவர்களை விரட்டுவானேன்?

1963 மார்ச்சில் ஓஸ்ட்பி போன் செய்தார். "லவீனியா, கிழவி போயிட்டா. தூக்கத்துலயே. பெட்டி நானே செஞ்சுட்டேன், ஓக் மரத்துல. வர்றீங்களா?"

கேட்க வேண்டுமா? யாக்கோபு அதற்கு முன்பே போய்விட்டிருந்தார். பிள்ளை குட்டி கிடையாது. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் எடுத்தவளுக்குத் தனக்கென்று ஒன்று இல்லை.

மகள் கார் ஓட்ட, பனி உருகாத சாலையில் போனோம். பெட்டியைத் தூக்கியவர்களில் ஹோசியா ஒருவன். முழங்கால் மடங்காமல் காலை இழுத்து இழுத்து நடந்தான், ஆனால் விடவில்லை. அவனுக்கு எதிர்ப்பக்கம் நரைத்துப்போன டாக்டர் வின்ஸ்லோ. பின்னால், பிறக்கும்போதே கால் முதலில் வந்த அந்த மூன்றாவது பேஸ்காரன். ப்ரூடரின் மகன், அப்பாவுக்குப் பதிலாக. மண் உறைந்து கிடந்ததால் குழி வெட்ட ஒரு நாள் முழுக்க ஆனதாம்.

அடக்கம் முடிந்து சர்ச்சுக்குத் திரும்பினோம். ஜனங்கள் துக்கம் சொல்ல வரிசையாக வந்து, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் தயங்கினார்கள். ஓஸ்ட்பி என் தோளைப் பிடித்துக் கொண்டுபோய்க் கதவுப் பக்கம் நிறுத்தினார். பக்கத்தில் ஹோசியா, அவனுக்குப் பக்கத்தில் மகள்.

ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்தார்கள். "என்னை அவங்கதான் எடுத்தாங்க." "என் மூணு பிள்ளைங்களையும் அவங்கதான்." "எங்கம்மா செத்துப்போயிருப்பா, அவங்க இல்லைன்னா." "என்னை மைதானத்துல வெச்சு எப்படித் திட்டுவாங்க தெரியுமா?" நான் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னேன். நன்றி, இவ்வளவு தூரம் பனியில வந்தீங்களே, உள்ள போய்க் காப்பி குடிங்க.

கைக்குழந்தையோடு வந்த ஒரு சின்னப்பெண் என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தாள். ஊருக்குப் புதுசு போல.

"நீங்க அவங்களுக்கு என்ன உறவு?" என்று கேட்டாள்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று நான் யோசித்தேன்.

"வீட்டு ஆளுங்க," என்றார் ஓஸ்ட்பி. "வழியில நிக்காதேம்மா, பின்னாடி வரிசை நிக்குது."

அவள் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு நகர்ந்தாள். அடுத்தவர் வந்தார்.